பெற்றோருக்குப் பிறகு எங்கே, யாரோடு? ஐம்பதைத் தொடும் பிள்ளைக்கு ஒரு வீடு தேடும்போது

"எனக்கப்புறம் இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?" வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளையைப் பெற்றவர்கள் எல்லாருக்கும் இந்தக் கேள்வி தெரியும். பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது தொடங்கும் கேள்வி, அவருக்கு ஐம்பது ஆனபிறகும் ஓய்வதில்லை. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதில் ஒரு பாதி விடுபட்டுப்போகிறது. பெற்றோருக்கு மட்டும் வயதாகவில்லை, பிள்ளைக்கும் வயதாகிறது. இன்று நாற்பது வயதில் அவருக்குப் பொருத்தமாகத் தெரியும் ஏற்பாடு, அறுபதில் பொருந்தாமல் போகலாம்.

முன்பு இந்தச் சிக்கல் இவ்வளவு பெரிதாக எழவில்லை. பிறவியிலேயே வரும் டவுன் சிண்ட்ரோம் என்ற குரோமோசோம் குறைபாடு உள்ளவர்களின் சராசரி ஆயுள் அமெரிக்காவில் 1983-இல் 25 வயதை ஒட்டி இருந்தது. இன்று 60-ஐ ஒட்டி இருக்கிறது. பிறவி இதயக் கோளாறுகளுக்கு அறுவை சிகிச்சை கிடைக்கத் தொடங்கியது, பெரிய காப்பகங்களில் அடைத்து வைப்பது குறைந்தது, காய்ச்சல் வந்தால் மற்றவர்களைப் போலவே இவர்களுக்கும் மருத்துவம் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்களிலும் லேசான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களிலும் பலர் எழுபதைத் தாண்டி வாழ்கிறார்கள். எண்பத்தைந்து வயது அம்மாவும் ஐம்பத்தைந்து வயது மகனும் ஒரே வீட்டில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாழ்வது இப்போது சாதாரணமாகிவிட்டது.

இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். அதற்கு முன் என் அளவுகோலைச் சொல்லிவிடுகிறேன். அந்த இடத்தில் இவரை நன்றாகத் தெரிந்தவர் யார் இருப்பார், இவரிடம் ஒரு மாற்றம் வந்தால் அது அவர் கண்ணில் படுமா, மாற்றம் வந்தபிறகும் அங்கேயே வைத்துக்கொள்வார்களா? கட்டடம், தோட்டம், தினசரி அட்டவணை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதுமை இவர்களுக்கு எப்படி வருகிறது

வீட்டைப் பற்றிப் பேச வந்துவிட்டு உடம்பைப் பற்றிச் சொல்லக் காரணம் இருக்கிறது. எந்த வழி தாங்கும், எது தாங்காது என்பதைத் தீர்மானிப்பது இதுதான்.

டவுன் சிண்ட்ரோமில் 21-ஆவது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கிறது. அல்ஸைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்துக்கு மூலமான மரபணுவும் அதே குரோமோசோமில்தான் இருக்கிறது. அதனால் நாற்பது வயதுக்குள் இவர்களில் ஏறக்குறைய எல்லாருடைய மூளையிலும் அந்தப் படிவு தொடங்கிவிடுகிறது. வாழ்நாளில் டிமென்ஷியா, அதாவது நினைவும் சிந்தனையும் படிப்படியாகக் குன்றும் நிலை, வரும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல். பெரும்பாலும் ஐம்பதுகளின் நடுவில்தான் நோய் என்று தெரியவருகிறது. ஆனால் தொடக்கம் மறதியாக இருக்கவேண்டும் என்றில்லை. பிடித்த வேலையில் ஆர்வம் குறையும், காரணமில்லாமல் கோபம் வரும், பழகிய வேலையைப் பாதியில் விட்டுவிட்டு நிற்பார்.

ஐம்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவர், வருடக்கணக்காக இறங்கிப் பழகிய படிக்கட்டின் மேல்படியில் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலை நீட்டுகிறார், பின்னால் இழுத்துக்கொள்கிறார். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடிக்கிறார். கீழே தரையின் நிறம் மாறும் இடத்திலும் அப்படியே நிற்கிறார். வீட்டில் இருப்பவர்கள் "பிடிவாதம் பிடிக்கிறான், இவன் எப்போதும் இப்படித்தான்" என்கிறார்கள். அது கண்புரையாக இருக்கலாம். இவர்களுக்கு அது சீக்கிரமே வரும். மூட்டு வலியாக இருக்கலாம். ஆழம் தெரியாமல் போகும் டிமென்ஷியாவின் தொடக்கமாக இருக்கலாம். செருப்பு கடிப்பதாகக்கூட இருக்கலாம். "இவர் இப்படி நின்றதே இல்லையே" என்று சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் போதும், மருத்துவரிடம் போகும் பாதை திறந்துவிடும். அந்த ஆள் இல்லாவிட்டால் அது பிடிவாதமாகவே பதிவாகிவிடும்.

மருத்துவர்களிடமும் இதே தவறு நடக்கிறது. எந்த மாற்றம் வந்தாலும் "அது குறைபாட்டின் தன்மை" என்று முடித்துவிடுகிறார்கள். டிமென்ஷியா மாதிரியே தோன்றி, ஆனால் சிகிச்சையில் சரியாகக்கூடிய பிரச்சினைகள் எத்தனையோ: தைராய்டு குறைவு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது, காது கேளாமை, மனச்சோர்வு, மாத்திரைகளின் பக்க விளைவு. இவற்றைப் பார்க்காமல் டிமென்ஷியா என்று சொல்லக் கூடாது.

பெருமூளை வாதம், அதாவது வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடல் அசைவில் வரும் குறைபாடு, உள்ளவர்களுக்கு வேறு மாதிரி. முப்பதுகளிலும் நாற்பதுகளிலுமே களைப்பும் வலியும் கூடும்; நடந்துகொண்டிருந்தவர் நடை குறையும். கழுத்தில் தண்டுவடம் நெருக்கப்பட்டு, கையின் பிடி தளர்வதும் சிறுநீர்க் கட்டுப்பாடு போவதும் உண்டு. அது "பழைய வாதம்தானே" என்று விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை, உடனே பார்க்கவேண்டியது. வலிப்புக்கு நீண்ட நாள் மாத்திரை சாப்பிட்டவர்களின் எலும்பு மெலிந்திருக்கும். விழுங்குவதில் சிரமம் வந்து, உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா ஆவது இவர்களின் இறப்புக்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. யாரும் பேச விரும்பாத மலச்சிக்கல்கூட, கவனிக்காமல் விட்டால் உயிருக்கு ஆபத்தாகும்.

வலிக்கிறது என்று வாயால் சொல்லத் தெரியாத ஒருவரிடம் இதையெல்லாம் கண்டுபிடிக்க வேண்டும். அதனால்தான் முதல் கேள்வியாக ஆளைக் கேட்கிறேன், இடத்தைக் கேட்கவில்லை.

அதே வீடு, உதவி மட்டும் வெளியிலிருந்து

பெற்றோர் காலத்துக்குப் பிறகும் அவர் வளர்ந்த வீட்டிலேயே இருப்பார், பராமரிப்பாளர்கள் வந்து போவார்கள் அல்லது கூடவே தங்குவார்கள். இதற்குச் சாதகமாகச் சொல்ல நிறைய இருக்கிறது. இருட்டில்கூடக் கழிவறைக்குப் போகத் தெரிந்த வீடு அது. எந்த அலமாரியில் எது இருக்கிறது என்று கைக்குத் தெரியும். டிமென்ஷியா வந்தால் புதிதாக எதையும் கற்றுக்கொள்வது கடினம். பழகிய இடத்தின் மதிப்பு அப்போது இன்னும் கூடும்.

ஆட்டிசம் என்று முதன்முதலில் கண்டறியப்பட்ட டொனால்ட் டிரிப்லெட்டின் வாழ்க்கை இப்படித்தான் அமைந்தது. மருத்துவர் லியோ கானர் 1943-இல் வெளியிட்ட கட்டுரையில் வரும் முதல் குழந்தை அவர். பெற்றோர் 1980-களில் இறந்த பிறகும் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்ற சிற்றூரில், தான் வளர்ந்த வீட்டிலேயே வாழ்ந்தார். வங்கியில் வேலை பார்த்தார், காரோட்டினார், கோல்ஃப் ஆடினார், 2023-இல் 89 வயதில் இறந்தார். ஊரே அவரை அறிந்திருந்தது. அவரைக் கேலி செய்பவர்களை ஊர்க்காரர்கள் சும்மா விடவில்லை. குடும்பத்திடம் பணமும் இருந்தது. இந்தக் கதையைச் சொல்லும்போது பலர் வீட்டையும் பணத்தையும் கவனிக்கிறார்கள். எனக்கு ஊர்தான் கண்ணில் படுகிறது.

ஏனென்றால் சுற்றி ஆட்கள் இல்லாத சொந்த வீடு, கதவு சாத்திய ஒரு அறைதான். ஒரே ஒரு பராமரிப்பாளர், அவரைக் கேட்க ஆளில்லை, அவர் ஒரு நாள் வரவில்லையென்றால் சாப்பாடில்லை. அடித்தாலும் ஏமாற்றினாலும் வெளியே தெரியாது. இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள் குறைந்தபட்சம் இவ்வளவாவது உறுதிசெய்ய வேண்டும்: அவரை அறிந்த பராமரிப்பாளர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும், சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்க்கும் உறவோ நண்பரோ ஒருவர் வேண்டும், வாரத்தில் சில நாளாவது அவர் வெளியே போய் மனிதர்களைப் பார்க்க ஒரு இடம் வேண்டும். யார் சம்பளம் கொடுப்பது, யார் வேலையைவிட்டு நிறுத்துவது, விடுப்பில் போனால் மாற்று யார் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். மாடிப்படியும் குளியலறையும் பத்து வருடம் கழித்து அவருக்கு எப்படி இருக்கும் என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.

இந்த வழியில் ஒரு பெரிய நன்மையைப் பலரும் கவனிப்பதில்லை. வீடு வேறு, உதவி வேறு என்று பிரிந்திருப்பதால், உதவி செய்யும் அமைப்பு சரியில்லை என்றால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், அவர் படுக்கையை மாற்ற வேண்டியதில்லை. இல்லங்களில் இரண்டும் ஒரே கையில் இருக்கும். உதவி பிடிக்கவில்லை என்றால் வீட்டையும் விட வேண்டும். இதற்காகவே பல நாடுகளில் வாடகை வீடாக இருந்தாலும் ஒப்பந்தத்தை அவர் பெயரில் போட்டு, உதவியை வேறு அமைப்பிடம் வாங்குகிறார்கள்.

அண்ணன் வீடு, தங்கை வீடு

உலகத்தில் மிக அதிகமாக நடைமுறையில் இருக்கும் திட்டம் இதுதான். மிக அதிகமாகப் பேசப்படாமல் இருக்கும் திட்டமும் இதுதான். "அவள் பார்த்துக்கொள்வாள்" என்று அம்மா நினைத்துக்கொண்டிருப்பார். அவளிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அண்ணன் சரி என்று சொல்லியிருப்பார். காலையில் எழுந்து குளிப்பாட்டப் போகும் அண்ணியிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இதில் வயதுக் கணக்கு ஒன்று இருக்கிறது. பெற்றோருக்கு எண்பத்தைந்து ஆகும்போது உடன்பிறந்தவருக்கு ஐம்பத்தைந்து, அறுபது. அவருக்கும் மூட்டு வலி, அவருடைய துணையின் பெற்றோருக்கும் முதுமை, பிள்ளைகளின் படிப்போ திருமணமோ நடுவில். இன்று அன்போடு ஏற்றுக்கொண்டாலும் பதினைந்து வருடம் கழித்து அறுபத்தெட்டு வயதுக்காரரைத் தூக்கி உட்கார வைக்க எழுபது வயதுக்காரரால் முடியாது. அதற்குப் பிறகு இரண்டாவது இடமாற்றம் வரும். அதுவும் இருவரும் தளர்ந்த வயதில்.

ஆகவே "பார்த்துக்கொள்வாயா?" என்று ஒரே கேள்வியாகக் கேட்கக் கூடாது. உன்னோடு வைத்துக்கொள்வாயா, பணத்தை நிர்வகிப்பாயா, மருத்துவரிடம் கூடப் போவாயா, வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பாயா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு முடியாது என்று சொல்பவர் மற்ற மூன்றையும் மிக நன்றாகச் செய்வார். அவர் அன்பில்லாதவர் என்று நினைப்பது பெரிய அநியாயம். என் மனதில் பட்டதைச் சொன்னால், உடன்பிறந்தவர் தாதியாக இருப்பதைவிடக் காவலாக இருப்பதே இருவருக்கும் நல்லது. எந்த இல்லத்திலும் ஊழியர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். நாற்பது வருடக் கதை தெரிந்தவர் உடன்பிறந்தவர் ஒருவர்தான். அவரைத் துணி துவைப்பதிலும் மாத்திரை கொடுப்பதிலும் களைக்க வைத்துவிட்டால், கேள்வி கேட்க ஆளிருக்காது.

சேர்ந்து வாழ்வதே சரி என்று எல்லாரும், வீட்டில் வேலை செய்யப்போகிறவரும், குறைபாடுள்ளவரும் சேர்த்து ஒத்துக்கொண்டால், தாராளமாகச் செய்யலாம். அவருக்கென்று தனி அறை, பகலில் போக இடம், குடும்பத்துக்கு வருடத்தில் சில வாரம் ஓய்வு என்ற மூன்றையும் முதல் மாதத்திலேயே ஏற்பாடு செய்துவிடுங்கள். சொந்த வீட்டில் மகனாக இருந்தவர், இன்னொருவர் வீட்டில் விருந்தாளிபோல ஒதுங்கி உட்கார்ந்திருக்கக் கூடாது.

நான்கைந்து பேர் வாழும் சிறு இல்லம்

ஒரு சாதாரண வீட்டில் நான்கைந்து பேர், ஷிஃப்ட் முறையில் ஊழியர்கள். நல்லதாக அமைந்தால் இதற்கு ஈடில்லை. ஒரே ஒரு ஆளை நம்பியிருக்க வேண்டியதில்லை; இரவில் விழித்திருக்க ஆள் உண்டு; அவருக்கென்று நண்பர்கள் கிடைப்பார்கள். அம்மாவோடு மட்டுமே வாழ்ந்த ஐம்பது வயதுக்காரர்கள், இங்கே வந்தபின் முன்பு செய்யாததைச் செய்யத் தொடங்குவதும் உண்டு. தானே படுக்கை விரிப்பார், தனக்கு என்ன சட்டை வேண்டும் என்று சொல்வார்.

குறைகளும் உண்டு. கூட வாழ்பவர்களை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. ஊழியர்கள் சீக்கிரம் சீக்கிரமாக மாறினால், படிக்கட்டில் நிற்பவரைப் பார்த்து "இவர் இப்படி நின்றதில்லையே" என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். பார்க்கப் போகும்போது பெரும்பாலோர் சமையலறை சுத்தமாக இருக்கிறதா, அறையில் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். அதுவும் பார்க்க வேண்டியதுதான். ஆனால் நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு: "இங்கே இருந்தவர்களில் கடைசியாக யாருக்கு நடக்க முடியாமல் போனது, யாருக்கு டிமென்ஷியா வந்தது? அவர் இப்போது எங்கே இருக்கிறார்?" அவர் இங்கேயே மேல்மாடியிலிருந்து கீழறைக்கு மாறினார் என்றால் ஒரு விதம், எங்கோ அனுப்பிவிட்டோம், எங்கே என்று தெரியவில்லை என்றால் இன்னொரு விதம். அடுத்த கேள்வி: மருத்துவமனையில் சேர்த்தால் கூட யார் இருப்பார்கள்? புதிய இடம், புதிய முகங்கள், ஊசி என்று பயந்துபோயிருப்பவர் பக்கத்தில் தெரிந்த ஆள் இல்லையென்றால் சிகிச்சையே நடக்காது.

பகல் நேரத்தையும் விசாரியுங்கள். வீட்டில் இருப்பவர்கள் காலையில் பயிற்சி மையத்துக்கோ வேலைக்கோ போய்விடுவார்கள் என்ற கணக்கில்தான் பல இல்லங்களில் ஊழியர் எண்ணிக்கை இருக்கிறது. ஐம்பத்தெட்டு வயதில் அவருக்குக் களைப்பாக இருக்கும், மெதுவாக எழுந்திருக்க ஆசையாக இருக்கும். எல்லாரும் ஓய்வு பெறும் வயதில் இவரை மட்டும் வேனில் ஏற்றி அனுப்புவது எதற்கு? ஆனால் பகலில் வீட்டில் ஊழியர் இல்லையென்றால் வேறு வழியிருக்காது.

பெரிய வளாகமும், சேர்ந்து வாழும் சமூகமும்

நூற்றுக்கணக்கானவர்களை ஒரே இடத்தில் வைக்கும் காப்பகங்களைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. நியூயார்க்கின் வில்லோப்ரூக்கில் 4,000 பேருக்கான இடத்தில் 1960-களின் நடுவில் 6,000 பேர் இருந்தார்கள், 1972-இல் தொலைக்காட்சியில் அந்த நிலைமை வெளிவந்து நாடே அதிர்ந்தது, 1987-இல் மூடினார்கள். ஸ்வீடன் சட்டமே போட்டு, 1999 முடிவுக்குள் அப்படிப்பட்ட காப்பகங்களை மூட முடிவெடுத்தது. 2006-இல் ஏற்கப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 19-ஆவது பிரிவு, எங்கே, யாரோடு வாழ்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை மற்றவர்களைப் போலவே இவர்களுக்கும் உண்டு என்கிறது. மருத்துவம், சாப்பாடு, தோட்டம் எல்லாம் உள்ளே இருக்கிறது என்று எவ்வளவு அழகாகச் சொன்னாலும் பெரிய காப்பகத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

குறைபாடுள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து வாழும் சமூகங்கள் வேறு வகை. ஸ்காட்லாந்தில் 1940-இல் வேர்விட்ட கேம்ப்ஹில், பிரான்சில் 1964-இல் தொடங்கிய லார்ஷ் இரண்டும் பல நாடுகளில் இருக்கின்றன. வேலை, உணவு, விழா எல்லாம் சேர்ந்தே. உறவுகள் நீண்டகாலம் நிலைப்பது இங்கே பெரிய பலம். ஆனால் நல்ல பெயர் மட்டும் பாதுகாப்பு ஆகிவிடாது. லார்ஷின் நிறுவனர் பல பெண்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டியிருந்தார் என்பதை 2020-இல் அந்த அமைப்பே விசாரணை நடத்தி வெளியிட்டது. அந்தப் பெண்கள் குறைபாடுள்ளவர்கள் இல்லை. என்றாலும், போற்றப்படும் ஒரு மனிதரைக் கேள்வி கேட்க யாருக்கும் தோன்றாத இடத்தில் என்ன நடக்கலாம் என்பது இதில் தெரிகிறது. எந்தச் சமூகமாக இருந்தாலும் வெளியிலிருந்து குடும்பத்தார் எந்த நேரமும் வந்துபோக முடியுமா, வெளியார் ஆய்வு நடக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து வாழ்வதும் ஒரு வழி. பெல்ஜியத்தின் கேல் நகரத்துக் குடும்பங்கள் பல நூற்றாண்டுகளாக மனநோய் உள்ளவர்களையும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களையும் வீட்டில் ஒருவராக வைத்துக்கொண்டு வருகின்றன. பொருத்தமான குடும்பம் அமைந்தால் அருமை. அந்தக் குடும்பத்துக்கும் வயதாகும் என்பதை மறக்கக் கூடாது. அண்ணன் வீட்டுக்குச் சொன்ன கணக்கு இதற்கும் பொருந்தும்.

பொது முதியோர் இல்லம்

பெரும்பாலும் யாரும் தேர்ந்தெடுத்து இங்கே வருவதில்லை. அம்மா திடீரென்று விழுந்து மருத்துவமனையில் சேர்ந்த அன்று, வேறு இடம் காலியில்லாததால் வந்து சேர்வார்கள். எண்பதைத் தாண்டியவர்கள் நடுவில் ஐம்பத்தைந்து வயதுக்காரர். ஊழியர்களுக்கு முதுமை தெரியும், இவருடைய பேச்சும் சைகையும் தெரியாது. ஓடியாட உடம்பில் தெம்பு இருப்பதால் "தொல்லை" என்று பெயர் வாங்கி, தூக்க மாத்திரை கூடிவிடும் அபாயமும் உண்டு. ஆனால் குழாய் வழி உணவு, படுக்கைப்புண், எப்போதும் செவிலியர் தேவை என்ற நிலையில் சில நேரம் இதுதான் சரியான இடம். அப்படியானால் அவரை அறிந்த பழைய ஊழியர் ஒருவர் வாரத்தில் சில மணி நேரமாவது தொடர்ந்து வர ஏற்பாடு செய்யுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். சில இடங்களில் வயதான அம்மாவும் மகனும் சேர்ந்தே குடியேற முடிகிறது. இதை விசாரிக்காமலே பலர் விட்டுவிடுகிறார்கள். அம்மா மகனைப் பார்த்துக்கொள்வது மட்டும்தான் வெளியே தெரிகிறது. பையைத் தூக்குவது, கண்ணாடி தேடிக் கொடுப்பது, மாத்திரை நேரத்தை நினைவூட்டுவது என்று மகனும் அம்மாவைத் தாங்கிக்கொண்டிருப்பார். இருவரைப் பிரித்தால் இருவருடைய உதவியும் ஒரே நாளில் போய்விடும்.

டிமென்ஷியா வந்தபின் இருப்பதா, மாறுவதா

எந்த வழியைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் இந்தத் திருப்பம் வரலாம். டவுன் சிண்ட்ரோம் என்றால் வரும் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். அப்போது மூன்று வழிகள் இருக்கின்றன. இருக்கும் இடத்தையே மாற்றியமைத்துக்கொண்டு அங்கேயே இருப்பது. அதே அமைப்பு நடத்தும், டிமென்ஷியாவுக்கென்று உள்ள இன்னொரு வீட்டுக்குப் போவது. பொது மருத்துவப் பராமரிப்பு இல்லத்துக்குப் போவது.

முடிந்தவரை முதல் வழியையே பிடித்துக்கொள்ளச் சொல்வேன். பளபளக்கும் தரையை மாற்றுவது, எல்லா இடத்திலும் ஒரே நிறத் தரை, கழிவறைக் கதவுக்குத் தனி நிறம், இரவு விளக்கு, தன் உருவத்தையே பார்த்துப் பயந்தால் முகம் பார்க்கும் கண்ணாடியை மூடுவது என்று பல விஷயங்களுக்குச் செலவு அதிகமில்லை. செலவு வருவது இரவு ஊழியரில்தான். அவர் இரவு முழுக்க நடந்தால், விழுங்க முடியாமல் போனால், தூக்க இருவர் தேவைப்பட்டால், புதிதாக வலிப்பு வந்தால், அதே ஊழியர் எண்ணிக்கையால் சமாளிக்க முடியாது. கூட வாழ்பவர்களின் தூக்கமும் நிம்மதியும் கணக்கில் வரவேண்டும். அந்த நிலையில் இரண்டாவது வழி, அதே அமைப்பின் இன்னொரு வீடு, நல்ல நடுவழி. தெரிந்த முகங்களில் சிலராவது கூட வருவார்கள்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அதற்குக் கைபேசி போதும். முப்பத்தைந்து வயதிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை அவரைப் படமெடுத்து வையுங்கள்: சட்டைப் பொத்தான் போடுவது, படி இறங்குவது, தட்டு எடுத்து வைப்பது, பிடித்த கதை ஒன்றைச் சொல்வது. ஒவ்வொரு வருடமும் அதே வேலைகள். மற்றவர்களுக்கு வைக்கும் ஞாபகத் தேர்வு இவர்களுக்கு உதவாது. தேதி தெரியாததை வைத்து எதுவும் சொல்ல முடியாது, அவருக்கு எப்போதுமே தேதி தெரியாமல் இருந்திருக்கலாம். அவரை அவருடைய பழைய நிலையோடுதான் ஒப்பிட முடியும். மூன்று வருடத்து வீடியோவை அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினால் மருத்துவருக்கு அரை மணி நேரம் விளக்க வேண்டியதில்லை.

யார் பெயரில், யார் கையில்

சட்டப்படி காப்பாளரை நியமித்து எல்லா முடிவையும் அவரிடம் விடுவதா, அல்லது முடிவெடுக்க உதவி செய்து கையெழுத்தை அவரே போட விடுவதா? ஐ.நா. உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு இரண்டாவது பக்கம்தான் நிற்கிறது. என் நிலைப்பாடும் அதுவே: முழுக் காப்பாளர் பொறுப்பைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். பணத்துக்கு ஒருவர், மருத்துவத்துக்கு ஒருவர் என்று தேவையான அளவுக்கு மட்டும் ஏற்பாடு செய்ய முடிந்தால் அதுவே நல்லது. இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். சொத்தை நேரடியாக அவர் பெயரில் எழுதி வைப்பதால் சில நாடுகளில் அரசு உதவி நின்றுபோகும். அறக்கட்டளை வழியாக வைப்பது அங்கே பாதுகாப்பு. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு என்பதால் இதைத் தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

எப்போது

பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே. மற்றதிலெல்லாம் தயக்கத்தோடு சொல்கிறேன், இதில் தயக்கமே இல்லை. அம்மா இறந்த வாரத்திலேயே அம்மாவையும் வீட்டையும் படுக்கையையும் தெருவையும் சேர்த்து இழக்கும் ஒருவரிடம் புது இடத்தில் பழகு என்று சொல்வது கொடுமை. அவர் அழுவதற்குப் பதில் தட்டைத் தள்ளினால், அதையும் நடத்தைக் கோளாறு என்று எழுதிவிடுவார்கள். இறப்பை அவரிடமிருந்து மறைக்கவும் வேண்டாம். "ஊருக்குப் போயிருக்கிறாள்" என்று சொன்னால் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். இறந்துவிட்டார் என்று நேராகச் சொல்லுங்கள், கடைசிச் சடங்கில் அவரும் இருக்கட்டும்.

முதலில் ஒரு மாலை போய்ச் சாப்பிட்டு வருவது, பிறகு ஒரு இரவு, பிறகு ஒரு வாரம் என்று பழக்கலாம். அம்மா வந்து பார்க்கவும், அவர் வீட்டுக்கு வந்துபோகவும் முடியும் காலத்தில் இது நடந்தால், போன இடம் தண்டனையாகத் தெரியாது. அவரிடமே கேளுங்கள். பேச முடிந்தவரிடம் இரண்டு மூன்று இடத்தைக் காட்டிய பின் கேளுங்கள். பேச முடியாதவர் எங்கே தோளைத் தளர்த்தி உட்கார்கிறார், எங்கே கதவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்று பாருங்கள். அதுவும் பதில்தான்.

கூட ஒரு நோட்டும் போக வேண்டும். மாத்திரைப் பட்டியல் எல்லாரும் கொடுப்பார்கள். அதோடு இதையும் எழுதுங்கள்: வயிறு வலித்தால் காதைத் தொடுவார். தண்ணீர் வேண்டுமென்றால் கேட்க மாட்டார், டம்ளரைக் கவிழ்த்து வைப்பார். குளிக்க மறுத்தால் பத்து நிமிடம் விட்டுவிட்டு, துண்டை அவர் கையிலேயே கொடுத்தால் வருவார். கோபமாக இருக்கும்போது பேசக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். இப்போதைக்கு இதெல்லாம் அம்மாவின் தலையில் மட்டும் இருக்கிறது.

எண்பது தாண்டிவிட்டது, இன்னும் எதுவும் ஏற்பாடாகவில்லை என்ற நிலையில் இருப்பவர்கள், எந்த வழி சிறந்தது என்று தேடுவதைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு முதலில் அவசர ஏற்பாட்டைச் செய்யுங்கள். நாளை காலை நீங்கள் எழுந்திருக்க முடியாவிட்டால் கதவைத் திறக்க யாரிடம் சாவி இருக்கிறது, அன்று இரவு அவர் எங்கே படுப்பார், அவரோடு யார் இருப்பார் என்பதை ஒரு தாளில் எழுதி இரண்டு பேரிடம் கொடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் இந்த மாதமே ஒரு இரவு அவர் தங்கி வரட்டும்.